ஐப்பசி மழைக்கு முன் வீட்டு வேலைகள்: நடை பழகிய குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்காக இதை எழுதுகிறேன். மாடி ஒழுகல், சுவர் ஓதம், பெயின்ட், மின்சாரம், கொசு என்று மழைக்கு முன் முடிக்க வேண்டியவை பல. அவற்றில் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்பதுதான் இங்கே முக்கியம்.

முதன்முறை இறங்குகிறவர்கள் கைவேலையில் தடுமாறுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். தீபாவளி வருகிறதே என்று கூடத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, மாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். முதல் மழையிலேயே புதுப் பெயின்ட் கொப்புளமாக எழும்பிவிடும். இல்லாவிட்டால், குழந்தையை யார் பார்ப்பது என்று பேசி முடிக்காமலே டப்பாவைத் திறப்பார்கள்.

1. மழைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்தக் காலத்தில்தான் கொட்டுகிறது. கடலோர ஊர்களுக்கு இன்னும் அதிகம்.

தீபாவளியைக் கணக்கில் வைத்துத் திட்டமிடாதீர்கள். அது சில வருடம் அக்டோபரில் வரும், சில வருடம் நவம்பருக்குத் தள்ளிப்போகும். மாடி வேலையை ஆவணி கடைசியில், அதாவது செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்குங்கள். மாடியை அடைத்த பிறகு சுவரின் ஈரம் காய இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். மின்சாரமும் டிரில் வேலையும் அக்டோபர் முதல் வாரம். பெயின்ட் அதற்கு அடுத்து.

செப்டம்பரில் வட மாவட்டங்களில் மாலை இடிமழை சகஜம். மாடி வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது அதனால்தான் நல்லது.

மழைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பெயின்ட் ஆசையை விட்டுவிடுங்கள். மாடி, மழைநீர்க் குழாய், மின்சாரச் சோதனை, கொசு ஆகிய நான்கும் போதும். சுவரைத் தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2. வேலைகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். வேலையின் அளவைத் தீர்மானிப்பது குழந்தையின் தூக்கம் என்பதால்தான் இந்தப் பிரிவு.

முதல் பத்தி, குழந்தை தூங்கும்போது செய்யக்கூடியது. ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலான குழந்தைகள் பகலில் ஒருமுறைதான் தூங்கும், ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அதில் கடைசி இருபது நிமிடத்தைப் பொருட்களை எடுத்துப் பூட்டுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். மீதி நேரத்துக்குள் முடியாத எதையும் தனியாளாகத் தொடங்க வேண்டாம். ஆணி பிடுங்குவது, விரிசலில் பட்டி அடைப்பது, வலை ஒட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது, குழந்தை வீட்டிலேயே இருக்கக்கூடாத வேலை. பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது, தின்னர் கலப்பது, எனாமல் அடிப்பது, டிரில் போடுவது. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று பொதுவாகச் சொன்னால், ஐந்தே நிமிடத்தில் குழந்தை ஏணிக்கடியில் நிற்கும். “அம்மா, காலையில ஏழுலேருந்து ஒம்பதரை வரைக்கும் சித்தி வீட்டுல வச்சுக்கோங்க, நான் வந்து கூப்பிட்டுக்கறேன்” என்று நேரத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தையைப் பார்ப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக்கூடாது. “அப்படியே அந்தப் பிரஷை எடுத்துக் குடுங்க” என்று கேட்பதும்கூடத் தவறு.

மூன்றாவது, குழந்தையோடு சேர்ந்து செய்வது. பழைய துணியால் கதவைத் துடைப்பது, பூந்தொட்டியை நகர்த்துவது, காய்ந்த இலை பொறுக்குவது. ஒரு சின்ன டம்ளரில் தண்ணீரும் ஒரு பழைய பிரஷும் கொடுத்தால் வராந்தாச் சுவரில் குழந்தை நெடுநேரம் “பெயின்ட்” அடிக்கும். இந்தப் பத்தியைக் காலியாக விடாதீர்கள். எல்லா வேலையிலிருந்தும் விலக்கி வைக்கப்பட்ட குழந்தை எதையும் தொடத் துடிக்கும்.

3. பொருள் வாங்குவதற்கு முன் பூட்டு வாங்குங்கள்

இரண்டு வயதுக் குழந்தை கையை உயர்த்தினால் ஏறத்தாழ 3.5 அடி எட்டும். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினால் சமையல் மேடையும் எட்டிவிடும். ஆகவே “உயரத்தில் வைத்தோம்” என்பது போதாது, பூட்ட வேண்டும். வேலை முடியும்வரை ஒரு பீரோத் தட்டையோ பரணையோ இதற்கென்றே ஒதுக்குங்கள்.

பூட்டுக்குள் போக வேண்டியவை: தின்னர், டர்பன்டைன், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட், சுண்ணாம்பு, பிளேடு, டிரில் பிட்.

தின்னரையோ மண்ணெண்ணெயையோ பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். பெயின்டர் கொண்டுவந்தாலும் சரி, டப்பாவோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிலைப் பார்த்ததும் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து பெரிதாகும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும். குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, இமையைத் திறந்து பிடித்து, இருபது நிமிடம் கழுவுங்கள். பிறகு கண் மருத்துவரிடம். கழுவாமல் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த நேரம் முழுக்கச் சுண்ணாம்பு கண்ணை அரித்துக்கொண்டிருக்கும்.

4. மொட்டை மாடி

எல்லா வேலைக்கும் முன்னால் இதுதான். கூரை ஒழுகும்வரை கீழே செய்கிற எதுவும் நிற்காது.

*ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்.* உள்ளே கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து வேறிடத்தில் இறங்கும். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் மேடை, தட்டோடுகளின் இடுக்கு.

சந்தேகம் தீரவில்லை என்றால் குழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழே வந்து பாருங்கள். அந்த நாள் முழுக்க மாடிக் கதவு பூட்டியே இருக்க வேண்டும். ஓரிரு அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தை மூழ்கப் போதும். மரக்கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதற்குப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

*சுத்தம்.* துடைப்பம், கம்பி பிரஷ், தண்ணீர். பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரைமணி கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கறை போகவில்லையே என்று அதன் மேல் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள்; குளோரின் வாயு கிளம்பும். பாசியும் தூசியும் மிச்சமிருந்தால், அடுத்து அடிக்கப்போகும் வாட்டர்புரூஃப் பூச்சு (தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பது) தளத்தில் பிடிக்காமல் பாசியோடு உரிந்து வந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அடுத்த வருடமும் இதே வேலையைச் செய்கிறார்கள்.

*விரிசல்.* மேலோட்டமாகப் பூசினால் நிற்காது. உளியால் விரிசலை லேசாக அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, விரிசல் அடைக்கும் பட்டியை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். ஒருநாள் காயட்டும். இது தூக்க நேரத்தில் செய்யக்கூடிய வேலை; சத்தம் மட்டும்தான் பிரச்சினை, அதனால் குழந்தை தூங்கும் அறைக்கு மேலே உள்ள பகுதியைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*பூச்சு.* தளம் நன்றாகக் காய்ந்த பிறகுதான். முதல் கோட் டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து, மெல்லியதாக. அடுத்த கோட்டுகள் தண்ணீர் கலக்காமல். முதலில் கிழக்கு மேற்காக அடித்திருந்தால் அடுத்தது தெற்கு வடக்காக. ஒரு கோட்டில் விட்டுப்போன ஊசித்துளையை மற்றது மூடிவிடும். விரிசல் மீதும் மூலைகளிலும் கண்ணாடியிழை வலைத்துணியை வைத்து அதன் மேல் பூசுங்கள். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம்வரை பூச்சு ஏற வேண்டும். அதை விட்டுவிட்டால் மூலையில்தான் முதலில் தண்ணீர் இறங்கும்.

படிக்கட்டுக்கு எதிர் மூலையில் தொடங்கிக் கதவருகே முடியுங்கள். ஆறரை மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு நிறுத்திவிடுங்கள். உச்சி வெயிலில் மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு ஒருநாளாவது மழை இல்லாமல் இருக்க வேண்டும்.

*குழாய் வாய்.* எல்லாப் பூச்சும் வீண் என்று ஆக்குவதற்கு ஒரு கைப்பிடி வேப்பிலை போதும். குழாய் வாயில் சல்லடை மூடி போடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் வடிகட்டித் தொட்டி இருக்கும். அதன் ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டு, மூடியை மறுபடி சரியாகப் பொருத்துங்கள். முதல் மழையின் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து சேருங்கள். மாடித் தூசி முழுவதும் முதல் மழையில்தான் வரும்.

5. ஓதம் காயும்வரை மின்சாரத்தைப் பாருங்கள்

சுவர் காய்கிற இடைவெளியில் செய்ய வேண்டியது இது. ஓதம் ஏறிய சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டு, அதைத் தொட்டுத் தடவும் ஒரு குழந்தை: மழைக்கால வீட்டில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

மெயின் போர்டைத் திறந்து “டெஸ்ட்” என்ற சின்னப் பொத்தான் உள்ள கருவி இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஆர்சிசிபி, மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் கருவி. அதில் 30 எம்ஏ (mA, கசிவு எந்த அளவைத் தொட்டால் நிறுத்தும் என்பது) என்று எழுதியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி கெட்டுவிட்டது. வரிசையாக இருக்கும் மற்ற எம்சிபிகள் வயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து நிம்மதியாக இருக்கும் வீடுகள் நிறைய. ஆர்சிசிபி இல்லையென்றால் பெயின்ட் பணத்தை எடுத்து இதற்குக் கொடுங்கள். வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் இது.

கீழ்மட்ட பிளக் பாயின்ட்களுக்கு மூடி போடுங்கள். எளிதில் கழன்று வரும் சின்ன மூடியைக் குழந்தை வாயில் போடும், அதனால் இறுக்கமானதாகப் பாருங்கள்.

6. டிரில் வேலைகள் பெயின்ட்டுக்கு முன்

பீரோ, புத்தக அலமாரி, டிவி ஸ்டாண்ட். இழுப்பறையைப் படியாக்கி ஏறும் வயதில் இவை சாயும். மேல்பக்கத்தில் எல் வடிவ ஆங்கிளை வைத்துச் சுவரோடு திருகுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். துளைத் தூசியும் பிசிறும் பெயின்ட்டுக்குள் மறையட்டும் என்பதற்குத்தான் இந்த வரிசை.

உள்ளே துணி காயப்போடும் கொடியையும் இப்போதே மாட்டிவிடுங்கள். மழைநாளில் குழந்தைத் துணிதான் முதலில் மலையாகக் குவியும். ஏற்றி இறக்கும் கப்பிக் கொடி வசதியானது. ஆனால் தொங்கும் கயிற்றின் வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டும். சுவரில் உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, மிச்சக் கயிற்றை ஒவ்வொரு முறையும் அதில் சுற்றிவிடுங்கள்.

7. சுரண்டுவதும் பெயின்ட்டும்

சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. உப்பு பூத்திருந்தால் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

பழைய ஜன்னல், கதவு, கிரில் பெயின்ட்டில் கவனம் வேண்டும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். உடலுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தைகள் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

எனவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள், தூசி பறக்காது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, முடிந்ததும் சுருட்டி எடுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு தடவை துடையுங்கள். வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குளித்து, துணி மாற்றி, அப்புறம்.

பெயின்ட் வரிசையில் முதலில் கிரில்லும் ஜன்னலும். எனாமல் வாடை போக நாளாகும், பல் முளைக்கும் குழந்தைக்கோ ஜன்னல் கம்பியைக் கடிப்பதுதான் பொழுதுபோக்கு. அடுத்து குழந்தை தூங்கும் அறை. அதற்குத்தான் காற்றோட அதிக நாள் வேண்டும். வாடை சுத்தமாகப் போகும்வரை வேறு அறையில் படுங்கள். கூடம் கடைசி. விருந்தாளி பார்க்கும் இடம் என்று கூடத்தை முதலில் எடுப்பது வழக்கம், ஆனால் குழந்தைக்கு மாற்றி வைக்க இடமே இல்லாமல் போய்விடும்.

பிரஷ் கழுவும் பக்கெட்டை அந்தந்த வேளையே கவிழ்த்துவிடுங்கள். எட்டிப் பார்க்கும் குழந்தைக்குத் தலைதான் கனம். தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. குளியலறைப் பக்கெட்டுக்கும் இதே விதி.

8. கொசு: கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடாது. நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒருநாள் குறித்துக்கொண்டால் போதும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தண்ணீரைக் கொட்டியபின் உட்புறத்தை நாரால் தேயுங்கள்.

ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, மணிபிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பழைய டயர், தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மூடி. கீழ்த்தொட்டி மூடிக்குப் பூட்டு. அது கொசுவுக்கும் சேர்த்து, குழந்தைக்கும் சேர்த்து.

இந்தக் கொசு பகலில் கடிக்கும். இரவுக்கு மட்டும் கொசுவலை கட்டுகிற வீட்டில் குழந்தையின் மதியத் தூக்கம் திறந்து கிடக்கிறது. பகலிலும் வலை போடுங்கள். ஜன்னலுக்கு ஒட்டும் வலை நல்லதுதான், ஆனால் அது கொசுவைத்தான் தடுக்கும். சாய்ந்தால் குழந்தையைத் தாங்காது. கிரில் இல்லாத ஜன்னலுக்கு முதலில் கிரில்.

9. கரண்ட் போகும் இரவுக்கு

மெழுகுவர்த்தி வேண்டாம், சார்ஜ் லைட்டை ஆள் உயரத்தில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது ஆசிட், அதைச் சுற்றித் தடுப்பு வேண்டும்.

கார்த்திகைக்கு வாங்கும் சின்ன எலக்ட்ரிக் அகல்விளக்குகளிலும் சில ரிமோட்களிலும் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கிவிடும். திருகு போட்டு மூடும் வகையை மட்டும் வாங்குங்கள். ஒன்று காணவில்லை, குழந்தை பக்கத்தில் இருந்தது என்றால், தேடிக்கொண்டிருக்காமல் எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் நாலைந்து வாங்கி வையுங்கள். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் அளவு தவறும்.

10. முதல் பெருமழை அன்று

டார்ச்சோடு ஒவ்வொரு அறையின் கூரையையும் மூலைகளையும் பாருங்கள். புதிதாக ஈரம் தெரிந்தால் அதன் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டினால் ஒழுகல் வளர்கிறது என்று தெரியும். தை மாதம் கொத்தனார் வரும்போது எங்கே உடைப்பது என்று அவர் தேட வேண்டியிருக்காது. மழை விட்டதும் மாடிக்கு ஒருமுறை ஏறிக் குழாய் வாயில் சேர்ந்த இலையை எடுத்துவிட்டு, இறங்கும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவாருங்கள்.